பதினோரு பக்கம், ஒரு சுரம் கீழே

வெஸ்டர்ஹாம்,
ஏப்ரல் 2, புதன் காலை.

மதிப்புக்குரிய யோரிட்டுக்கு,

ஃப்ரௌக்கேயின் பாட்டி, ஓமா எல்ட்யே எழுதிக்கொள்வது.

அன்றைக்கு எங்கள் ஊர் தேவாலயத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. என் பேத்தி ஃப்ரௌக்கே, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வாசிக்கும் அந்தப் பழைய காலத்து வயோலாவுடன். வயலின்காரி அனூக். இன்னொரு வயலின், ஸீபே. மரப் புல்லாங்குழல் தைமன். எங்கள் ஊர் ஆர்கன் வாசிக்கிற எப்போ என்கிற கிழவன். தேவாலயச் சாவியை வைத்துக்கொண்டு ஊரையே தன் இடுப்பில் தொங்கவிட்டிருப்பதுபோல் நடக்கும் ஹார்ம்கே. கோடைகால இசைவிழாவுக்கு இளம் குழுக்களைத் தேர்ந்தெடுக்கும் திருமதி ஃபான் ஆஸ்பரன். கேட்க வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். அதில் நான்கு பேர் வெளியே காற்று அடிக்கிறதே என்று ஒதுங்கியவர்கள், அவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்புறம் நான். மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. உன் பெயர் இதில் இல்லை.

சுவிட்சர்லாந்தில், பாசல் ஊரில் சௌக்கியமாக இருக்கிறாயா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். எனக்கு வயது எண்பத்தொன்று. ஆறாம் வகுப்போடு என்னைப் பீட்ரூட் வயலுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். படித்தவன்தானே.

உனக்குத் தெரிந்ததையும் எழுதுவேன். எனக்கு எவ்வளவு தெரியும் என்று உனக்குத் தெரிய வேண்டும். புத்தாண்டன்று நீங்கள் ஐந்து பேரும் என் வீட்டுக்கு வந்தீர்கள். என் பட்டாணி சூப்பை நீ நான்கு கிண்ணம் குடித்தாய். நான்காவது கிண்ணத்துக்கு நீயாகவே எழுந்து போய்ப் பானையைத் திறந்தாய். முன்னூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டை, முன்னூறு வருஷத்துக்கு முந்தைய மாதிரி செய்த வாத்தியத்தில், அந்தக் காலத்து ஆட்கள் வாசித்த மாதிரியே வாசிக்கிறோம் என்று எனக்கு விளக்கினாய். எங்கள் ஊரில் கச்சேரி வைக்கலாம் என்று அன்றைக்கே முடிவானது. யார் யாருக்கு என்ன வேலை என்று ஃப்ரௌக்கே ஒரு தாளில் எழுதினாள். ஊர் ஆர்கனின் சுருதி என்ன என்று விசாரிப்பது உன் வேலை. அந்த வரிக்கு நேராக நீ என்ன எழுதினாய் தெரியுமா? “பிரச்சினை இல்லை” என்று எழுதினாய். எப்போவை நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பிப்ரவரியில் பாசலிலிருந்து பெரிய குழு ஒன்று கூப்பிட்டது. நீ உன் ஹார்ப்சிகார்டை, அந்தப் பழைய காலத்துப் பியானோவை, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாய். குழு நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் தாங்குகிற வாத்தியம் அது என்று சொன்னவனும் நீதான். ஃப்ரௌக்கே என் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்திருந்தாள். சூப்பைத் தொடவில்லை. உன் அழைப்பு வராதபடி உன் எண்ணைத் தன் போனில் அடைத்துவிட்டாள். மூன்றாம் நாள் எழுந்து, “ஹார்ப்சிகார்ட் இல்லன்னா போகட்டும் ஓமா. ஊர்ல ஆர்கன் இருக்கு, எப்போ தாத்தா இருக்காரு. வாசிச்சுக் காட்டறேன்” என்றாள். இந்தக் கச்சேரி சரியில்லையென்றால் குழு கலைந்துவிடும். அனூக்குக்குப் பள்ளிக்கூட வேலை காத்திருந்தது. ஸீபே அப்பாவின் கடைக்குப் போய்விடுவான். என் பேத்தி மட்டும் தனியாக அந்த வயோலாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விஷயம் இவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

ஞாயிறு பதினோரு மணிக்கு ஒத்திகை. எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் மாடியில், வாசல் பக்கம் இருக்கிறது. ஆகவே வாசிக்கிறவர்களும் மாடியில்தான் இருக்க வேண்டும். கேட்கிறவர்கள் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரசங்க மேடையைப் பார்த்து உட்காருவார்கள். பெட்டிகளோடு அந்தக் குறுகல் படியில் ஏறிப் போனார்கள். எப்போ ஒரு சுரம் கொடுத்தான். ஃப்ரௌக்கே அதே சுரத்தை இழுத்தாள். கீழே மெழுகுவத்தித் தாங்கி துடைத்துக்கொண்டிருந்த எனக்கே பல் கூசியது.

விஷயம் என்னவென்றால், எங்கள் ஆர்கனும் முன்னூறு வருஷத்துக்கு முந்தையதுதான். ஆனால் அது இந்தப் பிள்ளைகளின் வாத்தியங்களைவிட முழுசாக ஒரு சுரம் உயரத்தில் பேசுகிறது. அந்தக் காலத்தில் ஆர்கனுக்கு ஒரு சுருதி, மற்ற வாத்தியங்களுக்கு ஒரு சுருதியாம். நூறு புத்தகம் படித்த உங்களுக்கெல்லாம் இது தெரியும். தெரிந்தும் கேட்காமல் விட்டீர்கள்.

அனூக் பணிவாகத்தான் சொன்னாள்: “தாத்தா, உங்க ஆர்கன் ரொம்ப ஒசரமா இருக்கு.” எப்போவுக்கு எண்பத்து மூன்று வயது. அறுபத்தைந்து வருஷமாக அதே பலகையில் உட்கார்ந்திருக்கிறவன். “என் ஆர்கன் ஒசரமா இல்லம்மா. நீங்கதான் தாழ்ந்து போயிருக்கீங்க” என்றான்.

தந்திகளை ஏற்றிப் பார்ப்போம் என்றான் ஸீபே. ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த தந்தி. இரண்டு திருகு திருகியதும் டப்பென்று அறுந்து அவன் தாடையில் அடித்தது. அதைக் குனிந்து பார்த்த ஹார்ம்கே, “குடலா? நல்லா உப்புப் போட்டு அலசி, உள்ள கறி அடைச்சு வேக வெச்சிருந்தா எட்டுப் பேர் சாப்பிட்டிருக்கலாம்” என்றாள். தைமனிடம் உன் குழலையாவது உயர்த்து என்றார்கள். “வெட்டித்தான் ஒசத்தணும். வெட்டட்டுமா?” என்று கேட்டான். அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆர்கன்காரர் ஒரு சுரம் தள்ளி வாசித்தால் தீர்ந்தது என்றாள் ஃப்ரௌக்கே. எப்போ கையைக் கட்டிக்கொண்டான். “எழுதியிருக்கறத வாசிப்பேன். எழுதாதத வாசிக்கணும்னா அதுக்கு வேற ஆளப் பாருங்க.” சரி, எழுதியே கொடுத்துவிடுகிறோம் என்று தைமன் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தான். எழுத வேண்டியது பதினோரு பக்கம். ஒரு மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினான். எப்போ அதை வாசித்துப் பார்த்தான். யாரோ கதவிடுக்கில் பூனையை நசுக்கியது போலிருந்தது. மணி ஒன்று. மூன்று மணிக்குக் கச்சேரி. திருமதி ஃபான் ஆஸ்பரன் ஏற்கெனவே ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.

அப்போது எல்லோரும் உன்னைத் திட்டினார்கள். நான் ஒளிக்கமாட்டேன். “பிரச்சினை இல்லன்னு எழுதிட்டுப் போனான் பாரு, பிரச்சினையே அவன்தான்” என்றாள் அனூக். “அவனுக்கென்ன, பாசல்ல உக்காந்து சாக்லேட் தின்னுட்டிருப்பான்” என்றான் ஸீபே, தாடையைத் தடவிக்கொண்டே. ஃப்ரௌக்கே வில்லைத் தளர்த்திப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் வழக்கமாக மற்றவர்கள் திட்டும்போது சேர்ந்து திட்டுகிறவள். அன்றைக்கு நான் சேரவில்லை. என் காது சூடாகிவிட்டது. சூப் அடிப்பிடிக்கும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். எதிர்க்காற்று. எண்பத்தொரு வயதில் ஓடினேன் என்று சொன்னால் நம்பமாட்டாய், ஆனால் எதிர்வீட்டு நாய் பயந்து உள்ளே போனது.

என் படுக்கையறை அலமாரியில் கீழ் இழுப்பறை ஒன்று இருக்கிறது. என் சவ அடக்கத்துக்கான காப்பீட்டுத் தாள்கள் அதில்தான். நான் சாகும்வரை அதை யாரும் திறக்கமாட்டார்கள். அந்தத் தாள்களுக்கு அடியில் நீ விட்டுப்போன உறை இருந்தது. கனமான உறை. ஃப்ரௌக்கேக்கு என்று எழுதியிருந்தது. மூன்று வாரமாக அங்கே இருந்தது. ரொட்டிக் கத்தியால் கிழித்தேன்.

பதினோரு பக்கம். எனக்குச் சுரம் படிக்கத் தெரியாது. ஆனால் முதல் பக்கத்தின் மேலே, “எப்போ அவர்களுக்கு, ஒரு முழுச் சுரம் கீழே” என்று எழுதியிருந்தாய். எப்போவுக்குக் கண் சரியில்லை என்று உனக்கு யார் சொன்னார்கள்? ஒவ்வொரு சுரப் புள்ளியையும் பட்டாணி அளவுக்கு வரைந்திருந்தாய். எத்தனை நாள் ஆகியிருக்கும் அதை எழுத! கடைசிப் பக்கத்தின் பின்னால் பென்சிலால் நான்கு வரி ஃப்ரௌக்கேக்கு. அதை நான் படிக்கவில்லை. படித்தேன். ஆர்கன் சுருதியை ஜனவரியில் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் பொய் எழுதினேன், இப்போது நானே வந்து அளந்துவிட்டேன், இருபத்து மூன்றாம் தேதி வந்து கீழே ஒரு மூலையில் உட்காரலாமா, ஒரு சொல் அனுப்பு, பதில் வராவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவுதான் இருந்தது.

உறையைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினேன். “தபால்ல வந்திருக்கு! கதவுத் துளையில மாட்டிட்டிருந்துச்சு!” என்று படியிலேயே கத்தினேன்.

ஹார்ம்கே துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: “ஞாயித்துக்கெழம தபால் குடுக்கற ஊரு எது எல்ட்யே? சொல்லு, நானும் அங்க குடி போறேன்.”

மார்ச் ஒன்றாம் தேதி நீ சுருதி அளக்க வந்தபோது தேவாலயத்தைத் திறந்துவிட்டவள் அவள்தான் என்று எனக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. யாரிடமும் சொல்லாதே என்று நீ கேட்டுக்கொண்டாயாம். இந்த ஊரில் அவள் சொல்லாமல் வைத்திருந்த ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். அவள் உறையைப் பார்த்தாள். தபால் தலை இல்லை. என்னைப் பார்த்தாள். நான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். 1987-இல் என் கேக் அச்சை வாங்கிப்போய் நசுக்கித் திருப்பிக் கொடுத்தவள். அதற்காக முப்பத்தெட்டு வருஷம் அவளுக்கு நான் இரண்டாவது பிஸ்கட் கொடுத்ததில்லை. இன்றைக்குத் தீர்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அவள் தாள்களை உருவி எப்போவிடம் நீட்டினாள். உறையை மடித்துத் தன் கவுன் பைக்குள் திணித்துக்கொண்டாள். “இவ வீட்டுக் கதவுத் துளை இருக்கே, அது என் நாத்தனார் பர்ஸ் மாதிரி. உள்ள போனது வெளிய வராது. மூணு வாரமா மாட்டிக்கிட்டு இருந்திருக்கும், பாவம்” என்றாள் பிள்ளைகளிடம். அவ்வளவுதான். நான் என்ன செய்ய? கேக் அச்சை மறக்க வேண்டியதாகிவிட்டது. சும்மா மறக்க முடியவில்லை, கஷ்டப்பட்டு மறந்தேன்.

ஃப்ரௌக்கே கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். பிறகு வில்லை மறுபடி முறுக்கினாள்.

எப்போ மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தான். இப்போது எல்லோரும் ஒரே வீட்டில் பேசுவதுபோல் இருந்தது. “யாரு எழுதினது? எழுத்து நல்லாருக்கே” என்று மட்டும் கேட்டான்.

இன்னொரு சங்கடம் வந்தது. பதினோரு பக்கம், எப்போவுக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும், பக்கம் திருப்ப ஆள் வேண்டும். பிள்ளைகள் எல்லோருக்கும் கையில் வாத்தியம். ஹார்ம்கே வாசலில் நிற்க வேண்டும். ஆகவே 1966-ஆம் வருஷம் மே 14-ஆம் தேதிக்குப் பிறகு, வணக்கம் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளாத மனிதன் பக்கத்தில், அதே பலகையில், நான் உட்கார்ந்தேன். அன்றைக்கு என் கல்யாணம். ஆர்கன்காரன் வரவில்லை. நான் வாசலில் வெள்ளை உடுப்போடு மழையில் இருபது நிமிஷம் நின்றேன். சைக்கிள் பஞ்சர் என்றான். பிறகு போய் அந்தச் சைக்கிளைப் பார்த்தேன். இரண்டு சக்கரமும் கல் மாதிரி இருந்தன.

நான் தலையாட்டும்போது திருப்பு என்றான். ஆனால் அவன் தாளத்துக்கும் தலையாட்டுகிறான்! முதல் பாட்டில் நான் இரண்டாம் பக்கத்திலிருந்து நேரே நான்காம் பக்கம் போய்விட்டேன். “இப்ப இல்லடி!” என்று சீறினான். கீழே நாற்பத்து மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதுவும் பழைய காலத்துப் பாட்டின் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். அதற்கப்புறம் காலால் உதைத்துச் சொல்வது என்று ஏற்பாடு. எட்டு முறை உதைத்தான். கணுக்கால் இன்றைக்கும் நீலமாக இருக்கிறது.

இரண்டாவது பாட்டு மெதுவானது. ஃப்ரௌக்கே மட்டும் நீளமாக ஒன்று வாசிப்பாள், ஆர்கன் அடியில் மெல்லப் பிடித்துக்கொண்டே போகும். உனக்குத் தெரியும், உன் ஹார்ப்சிகார்டில் நீ வாசித்துவந்த இடம்தானே. அவள் யாரையும் பார்க்கவில்லை. எப்போவின் தாளைத்தான் பார்த்துக்கொண்டே வாசித்தாள். நான் திருப்ப மறந்துவிட்டேன். எப்போவும் உதைக்க மறந்துவிட்டான். அந்தப் பக்கத்தை அவனாகவே கையால் திருப்பிச் சமாளித்தான். ஒரு சுரம் விட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான்.

பாட்டு முடிந்து ஸீபே தந்தியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, எப்போ என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான்: “எல்ட்யே, அன்னிக்கு பஞ்சர் இல்ல. தூங்கிட்டேன்.” ஐம்பத்தெட்டு வருஷம் பத்து மாதம் கழித்துச் சொல்கிறான். “தெரியும்” என்றேன். மூன்றாவது பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள்.

முடிந்ததும் என் வீட்டில் சூப். சூப் உண்மையிலேயே அடிப்பிடித்துவிட்டது. திருமதி ஃபான் ஆஸ்பரன் இரண்டு கிண்ணம் குடித்தாள், கறுப்பு ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் வைத்து. பாராட்டி ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது கோட்டு மாட்டிக்கொண்டே, “ரெண்டாவது பாட்டு மோசமில்ல” என்றாள். அனூக் அழுதுவிட்டாள். இந்த நாட்டில் அதற்கு மேல் யார் புகழ்வார்கள்?

போன வியாழக்கிழமை கடிதம் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் கடைசி வாரம், நான்கு கச்சேரி. பள்ளிக்கூட வேலைக்கு வரமுடியாது என்று அனூக் எழுதிவிட்டாள். ஆனால் வாசிக்கிறவர்கள் பெயரை ஏப்ரல் 15-க்குள் அனுப்ப வேண்டும். ஐந்து வரி போட்ட தாள். நான்கு வரி நிரம்பிவிட்டது. எப்போவைக் கேட்டார்கள். “என் ஆர்கனைத் தூக்கிட்டு வந்தா வர்றேன்” என்றான். ஐந்தாவது வரி காலி.

ஃப்ரௌக்கே உன் பழைய எண்ணுக்கு இரண்டு முறை கூப்பிட்டாள். அந்த எண்ணே இல்லை என்று ஒரு இயந்திரம் சொல்லிற்று. எழுதேன்டி என்றேன். “மூணு வாரம் காத்திருந்து பாத்துட்டு, நான் வேணாம்னு சொல்லிட்டதா நினைச்சுட்டான் ஓமா. இப்ப போய் எழுதினா, ஆள் கொறையுதுன்னு கூப்புடற மாதிரி இருக்காதா? அவன் அப்படி நினைச்சு வர்றத விட வராமலே இருக்கட்டும்” என்றாள். அவள் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். அவளுடைய அம்மாவழி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆகவே நான் எழுதுகிறேன். உன் முகவரி உறையின் பின்னால் இருந்தது, உறை ஹார்ம்கேயிடம் இருந்தது. அதை வாங்க அவள் வீட்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அவள் முழங்கால் வலியைக் கேட்டேன். எனக்கு அவள் இரண்டாவது பிஸ்கட் கொடுத்தாள். வேண்டுமென்றேதான் கொடுத்தாள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கதவுத் துளை நன்றாகத்தான் இருக்கிறது. மார்ச் ஒன்றாம் தேதி, சனிக்கிழமை, மாலை நாலேகாலுக்கு நீ என் வீட்டு வாசலில் நின்றாய். பச்சைக் கழுத்துப்பட்டி. மூக்கு சிவந்திருந்தது. இரண்டு முறை மணி அடித்தாய். நான் திரைக்குப் பின்னால், உன்னிடமிருந்து மூன்று அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பில் சூப் இருந்தது, உனக்கு வாசனை வந்திருக்கும். நீ உறையைத் துளையில் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாய். அடுத்த பேருந்து ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்குத்தான் என்று எனக்குத் தெரியும். அந்த நாற்பது நிமிஷமும் நீ காற்றில் நின்றதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். என் பேத்தி இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்ததற்கு இது சரி என்று அப்போது நினைத்தேன்.

ஃப்ரௌக்கேக்கு இது தெரியாது. இந்தக் கடிதத்தை நீ அவளிடம் காட்டலாம். காட்டு. என் வாயால் சொல்ல மூன்று தடவை ஆரம்பித்தேன், மூன்று தடவையும் உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசிவிட்டேன். அவள் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, யோரிட். அவளை யாரும் கேட்கவே இல்லை. ஏப்ரல் பதினைந்துக்குள் நீ அவளுக்கு உன் புது எண்ணை எழுது. ஆகஸ்டுக்கு வருவதும் வராததும் உங்கள் இருவர் பாடு. ஆனால் நீ அவளைக் கேள், அவள் வாயால் பதில் வரட்டும்.

உன் கை நடுங்காமல் இருக்கட்டும். நல்ல சாப்பாடு கிடைக்கட்டும். இனி எந்த ஊர் ஆர்கனைப் பற்றியும் கேட்காமல் எழுதாதே.

எப்போவை மன்னித்துவிட்டேன். ஹார்ம்கேயை மன்னித்துவிட்டேன், அவளிடம் சொல்லிவிடாதே. ஜனவரியில் பொய் எழுதிய உன்னையும், மார்ச்சில் பட்டாணி பட்டாணியாக நீ போட்ட புள்ளிகளுக்காக மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாத ஆள் ஒருத்திதான் பாக்கி. எத்தனை வருஷம் ஆனாலும் அவளை விடமாட்டேன். நாள், மணி எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் பெயர்:

எல்ட்யே வீர்ஸ்மா